பதினொன்றாம் அறை

சிக்னலில் சிவப்பு எண்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றன, நூற்று நாற்பது, நூற்று முப்பத்தொன்பது, ஒரு சிக்னலுக்கு இவ்வளவு நேரமா என்று சண்டை பிடிக்க வாய் தானாகத் திறக்கிறது, பிறகு மூடிக்கொள்கிறது, இந்த டாக்ஸிக்குள் யாருக்குச் சண்டை பிடிக்கத் தகுதி இருந்தாலும் எனக்கு இல்லை. முன்சீட்டில் எங்கள் டூர் மேனேஜர் குருபாதம் அண்ணன். மதுரையிலிருந்து முப்பது பேரை பாங்காக் சுற்றிக் காட்டக் கூட்டி வந்தவர், இப்போது அவர் பின்கழுத்தில் வேர்வை ஏசியிலும் காயாமல் நிற்கிறது. என் பக்கத்தில் இந்த ஊர் கைடு லெக், காலையிலிருந்து தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்த மஞ்சள் கொடியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, போனில் யாரையோ கூப்பிட்டபடி இருக்கிறார். காலையில் பார்த்த சாய்ந்த புத்தர் கோயிலுக்கே திரும்பப் போகிறோம். அங்கே ஓர் அம்மாவை விட்டுவிட்டு வந்துவிட்டோம். விட்டுவிட்டோம் என்கிறேன் பார், இப்போதும் எல்லாரையும் துணைக்குச் சேர்த்துக்கொள்கிறேன். மதியம் சாப்பாட்டுக் கடையில் முப்பது தட்டு வைத்தார்கள், முப்பதாவது தட்டில் அப்பளம் அப்படியே இருந்தது, பரிமாறுகிறவர் இது யாருக்கு என்று கேட்டபோதுதான் எல்லாரும் தலையை நிமிர்த்தினார்கள். அந்த மயில்பச்சைப் புடவை அம்மா எங்கே என்றார் ஒருவர். பருப்புப்பொடி டப்பா வச்சிருப்பாங்களே என்றார் இன்னொருவர். லெக் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, அவர் பெயர் என்ன, பெயர் சொல்லுங்கள், கோயில் காவலர்களுக்குப் போன் பண்ண வேண்டும் என்று கேட்டார். இருபத்தொன்பது பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு எல்லார் பார்வையும் ஒரே இடத்தில் வந்து நின்றது. அவருடன் நாலு நாளாக ஒரே அறையில் படுத்து எழுந்தவள் நான்தான். என் வாயில் ஆன்ட்டி என்றுதான் வந்தது. லெக் அதையே பெயரென்று நினைத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

அப்பளம், அந்த அப்பளம் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. யோசித்துப் பார்த்தால், இந்தப் பஸ்ஸில் யார் பெயரும் யாருக்கும் தெரியாமல் போனதற்கும் நானே காரணம், இது ஏதோ என்னை நானே அடித்துக்கொள்வதற்காகச் சொல்வதில்லை, அப்படியே நடந்தது. முதல் நாள் விமான நிலையத்து பஸ்ஸில் குருபாதம் அண்ணன் லிஸ்டை எடுத்து வாசித்தார், ஆவுடையப்பன் சார் அண்ட் மிசஸ், சிதம்பரநாதன் சார் அண்ட் மிசஸ், அவர் மூன்றாவது மிசஸுக்குப் போவதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏண்ணே, இந்த மிசஸுக்கெல்லாம் அம்மா அப்பா பேரு வைக்கலையா என்றேன். பஸ் சிரித்தது. சிரிப்பு வந்தால் எனக்கு வேகம் கூடும், வாக்காளர் பட்டியல், கல்யாணப் பத்திரிகை, வீட்டு வாசல் பெயர்ப்பலகை என்று பத்து நிமிஷம் நின்றபடியே பேசினேன், என் முனைவர் பட்ட ஆய்வே பெண்களும் பொதுவெளியும்தான், மேற்கோள்கள் நாக்கு நுனியில் இருந்தன. குருபாதம் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். சரி தாயி, யார் பேரும் வேணாம், ஒண்ணுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும் ரூமுக்கு நம்பர் போட்டுக்கிடுவோம், நம்பரைக் கூப்பிட்டா ரூமுல ஒருத்தர் குரல் குடுத்தாப் போதும் என்றார். கைதட்டினார்கள். நான் ஜெயித்தவளாக உட்கார்ந்து, விடுதித் தோழிக்கு, இன்னிக்கு ஒரு பஸ்ஸையே திருத்திட்டேன் என்று செய்தி அனுப்பினேன். திருத்தினேன். மிசஸ் என்ற ஒட்டுப்போட்ட சொல்லாவது அதுவரை அவர்களுக்கு இருந்தது, அதையும் பிடுங்கிவிட்டு ஒரு எண்ணைக் கொடுத்தேன். ஆவுடையப்பன் சாருடைய மனைவி இறங்கும்போது என் கையைப் பிடித்து, நல்லா கேட்டேம்மா என்று சொன்னார். அவர் பெயரையும் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. அறை எண் பதினொன்று எங்களுடையது.

எண்பத்திரண்டு, எண்பத்தொன்று. பதினொன்றாம் அறையில் அம்மாவும் நானும் என்றுதான் ஏற்பாடு, கடைசி வாரத்தில் அம்மாவுக்குப் பிளஸ் டூ பேப்பர் திருத்தும் வேலை வந்துவிட்டது, டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது, தனியாக வருகிற ஒரு அம்மாவை உங்க கூடப் போடுறோம் என்றார்கள். அந்தக் கோபம் எனக்குப் பள்ளிக் கல்வித் துறை மேல் இருந்திருக்க வேண்டும், அது போய் அம்மாவின் கட்டிலில் படுத்துக்கொண்ட இவர் மேல் உட்கார்ந்தது. அவர் நாலரை மணிக்கு எழுந்து சத்தம் வராமல் குளிக்க முயற்சி செய்வார், அந்த முயற்சியின் சத்தத்தில் எனக்கு முழிப்பு வந்துவிடும். நான் தரையில் விட்டிருந்த துண்டை மடித்து வைப்பார். இரண்டாம் நாள் என் நீலக் குர்தாவைத் துவைத்து ஷவர் கம்பியில் காயப்போட்டிருந்தார், யாரைக் கேட்டுத் துவைச்சீங்க என்று நான் கேட்டேன், அழுக்கா இருந்துச்சும்மா என்றார், ஒரு துணிக்குக்கூட என்னிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது என் கட்சி, அது சரியான கட்சிதான், இப்போதும் சரிதான், ஆனால் அந்தக் குர்தாவைத்தான் இன்றைக்குப் போட்டிருக்கிறேன். மகன் துபாயில் இருக்கிறான், அவன்தான் டிக்கெட் போட்டான், எனக்குப் பிளேன்ல போகணும்னு ஆசைன்னு ஒரு தடவை சொல்லித் தொலைச்சிட்டேன் என்று சிரித்தார். சர்க்கரை இருக்கிறது, பன்னிரண்டரைக்குள் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் கை நடுங்கும், ஒரு தடவை வங்கியில் மயங்கி விழுந்திருக்கிறார். இவ்வளவும் அவராகச் சொன்னது. நானாகக் கேட்டது என்று யோசிக்கிறேன், ஏசி ரிமோட் எங்கே என்று கேட்டிருக்கிறேன். முந்தாநாள் சாயங்காலம் அவர் என் ஆய்வைப் பற்றிக் கேட்டார், ஒரு மணி நேரம் சொன்னேன், அவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டு, அப்ப அந்தப் பொம்பளைங்க வெளிய வந்து எங்கம்மா உக்காருவாங்க என்றார். நல்ல கேள்வி. என் வழிகாட்டிப் பேராசிரியர்கூடக் கேட்காத கேள்வி. நான் உடனே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்: குடும்பத்தலைவி, வயது அறுபதுக்கு மேல், மதுரை மாவட்டம். தகவல் தருபவரின் பெயரை எழுதாமலிருப்பது ஆய்வு நெறி என்று வேறு எனக்கு நானே ஒரு சபாஷ். தெரிந்த பெயரை மறைப்பதுதானே நெறி. தெரியாத பெயரை மறைப்பதற்கு என்ன பெயர்.

பச்சை விழுந்து நாற்பது அடி போய் மறுபடி நிற்கிறோம். மணி ஒன்று பத்து. என் மடியில் அவருடைய துணிப்பை, பஸ்ஸில் அவர் சீட்டுக்கு அடியில் கிடந்தது, அதற்குள் மாத்திரை அட்டை, பிஸ்கட் பாக்கெட், தண்ணீர் பாட்டில், எல்லாம் இங்கே இருக்கிறது, அவர் அங்கே இருக்கிறார். கை நடுங்கும் என்று சொன்னாரே, எந்தக் கை முதலில் நடுங்கும், அந்தக் கோயிலுக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது, படகுத்துறையின் பலகைகள் ஈரமாக இருந்தன, வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே, நிழல் பார்த்து எங்காவது உட்கார்ந்திருப்பார். அவரிடம் போன் இருக்கிறது, ஓட்டல் வைஃபை இல்லாமல் அது வெறும் கண்ணாடித்துண்டு, அதிலும் அவர் எண் என்னிடம் கிடையாது. குருபாதம் அண்ணன் ஓட்டலுக்குப் போன் பண்ணி, மேசை மேல் இருக்கும் லிஸ்டைப் பார்த்து வாசிக்கச் சொல்கிறார். பதினொன்று, பதினொன்றைப் பாருங்க என்கிறார் ஆங்கிலத்தில். அங்கிருக்கிற பெண் எழுத்துக்கூட்டி வாசிப்பது ஸ்பீக்கரில் கேட்கிறது: மிஸ் அங்கயற்கண்ணி, மிசஸ் பொன்னுச்சாமி. முதலாவது நான், இரண்டாவது அவர், அவ்வளவுதான் இருக்கிறது. லிஸ்டை எழுதியவர் குருபாதம் அண்ணன்தான், அவர் கையால் எழுதியதை அவரே காதால் கேட்டுவிட்டுப் பின்கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார். பாஸ்போர்ட் நகலெல்லாம் மதுரை ஆபீஸ்ல இருக்கு, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, எவனும் எடுக்க மாட்டேங்கிறான் என்கிறார் யாரிடமோ சொல்வது போல. லெக் வேறு வழியில்லாமல் அதையே கோயில் வாசலுக்குச் சொல்கிறார். அந்த முனையில் ஒரு காவலர் வாக்கிடாக்கியில் திருப்பிச் சொல்கிறார், பொன்னுச்சாமி, பொன்னுச்சாமி, தாய்லாந்து நாக்கில் அது கெஞ்சுவது போல ஒலிக்கிறது. பொன்னுச்சாமி செத்து ஆறு வருஷமாகிறது. அதுவும் அவர் சொல்லித்தான் தெரியும், அவுக போயி ஆறு வருஷம் ஆச்சு என்றார் முதல் நாளே. இருபது ஏக்கர் தங்கக் கூரைகளுக்கு நடுவில், உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணை, இல்லாத ஓர் ஆளின் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம் என்று என் மூளையின் ஒரு மூலை சொல்கிறது. அந்த மூலையைப் பிடித்து அறைய வேண்டும் போல இருக்கிறது.

பாப்பா, கடைசியா அவங்கள எங்க பார்த்தே, என்று கேட்கிறார் குருபாதம் அண்ணன், திரும்பாமல், கண்ணாடி வழியாக. புத்தர் பாதத்துக்கிட்டண்ணே என்கிறேன். பொய் இல்லை. அப்புறம் என்கிறார். அப்புறம் கூட்டமாயிருச்சுண்ணே. பொய் இல்லை, கூட்டம் இருந்தது, ஆனால் கூட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நடந்தது இது. நாற்பத்தாறு மீட்டர் நீளத்துக்குப் புத்தர் கையைத் தலைக்கு அண்டக்கொடுத்துச் சாய்ந்திருக்கிறார், அவருடைய உள்ளங்காலில் சிப்பி பதித்த நூற்றெட்டுச் சின்னங்கள், நான் அவற்றை நோட்டில் குறிக்க முயன்றுகொண்டிருந்தேன், அவர் ஒரு கையில் செருப்புப் பையும் இன்னொரு கையில் என் துப்பட்டா நுனியுமாக நின்றார். சாலை கடக்கும்போது பிடிப்பார், படகில் ஏறும்போது பிடிப்பார், இன்று கோயிலுக்குள்ளும் பிடித்திருந்தார். பாதத்தோட சேர்த்து ஒரு போட்டோ எடும்மா, பையனுக்கு அனுப்பணும் என்றார். எடுத்தேன். கண்ணை மூடிட்டேன், இன்னொண்ணு. எடுத்தேன். பாதம் முழுசா விழலையே. எனக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் என் வயதில் தனியாக, முதுகுப்பையோடு, யாரும் உடை நுனியைப் பிடிக்காமல் நின்று எழுதிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், அது சாதாரணச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும், எனக்குச் சுட்டது. துப்பட்டாவை வெடுக்கென்று இழுத்தேன். ஆன்ட்டி, நான் உங்க பொண்ணும் இல்ல, உங்களுக்குக் கைடும் இல்ல, எதுக்கு எம் பின்னாடியே வர்றீங்க, கொஞ்ச நேரம் என்னை விடுங்களேன். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. அவர் முகம் சுருங்கவில்லை, அதுதான், சுருங்கியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேனோ என்னவோ. கையை மட்டும் எடுத்துக்கொண்டார். சரிம்மா, நீ பாரு என்றார். நான் நாலு தூண் தாண்டித் திரும்பிப் பார்த்தேன், அவர் அதே இடத்தில், செருப்புப் பையை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவராக நின்றார். ஒரு பெண் பொதுவெளியில் தனியாக நிற்கிறாள். என் ஆய்வுப் பொருள் கண்ணெதிரே நின்றது. நான் வேறு வாசல் வழியாக வெளியே வந்தேன்.

அதன் பிறகு பஸ். இதையும் சொல்லிவிடுகிறேன், யாரிடம் சொல்கிறேன் என்று தெரியாவிட்டாலும். ஆவுடையப்பன் சார் ரிட்டயர்டு வங்கி மேனேஜர், ஏறியதும் ஆரம்பித்தார், இந்தக் கடல் முழுக்க ஒரு காலத்துல நம்ம கொடி பறந்துச்சு தெரியுமா என்று. போய் அடிச்சதைப் பெருமையா சொல்றீங்களே சார், நம்மள அடிச்சவனைத் திட்டுறோம், நாம அடிச்சா வீரமா என்றேன். அவர் வணிகம் என்றார், நான் கொள்ளை என்றேன், அவர் கலை என்றார், நான் யாருடைய கல், யாருடைய முதுகு என்றேன், முன்னும் பின்னும் நாலு சீட்டுக்காரர்கள் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள், எனக்கு ரத்தம் சூடாகி நாக்கு அழகாக ஓடியது. அந்த ஓட்டத்துக்கு நடுவில் குருபாதம் அண்ணன் குரல், பத்து, இருக்கோம், பதினொன்று. இருக்கோம் என்று கையைத் தூக்கினேன். ஒரு வாக்கியத்தின் நடுவில் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டு வாக்கியத்தை முடித்தேன். ஆவுடையப்பன் சார், உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது பாப்பா என்று கையை விரித்தார். இதுவரைக்கும் கவனப் பிசகு என்று சொல்லலாம், யாருக்கும் நடக்கும், கேட்பவர்கள் பாவம் சின்னப்பிள்ளை என்பார்கள். ஆனால் பஸ் அடுத்து ஒரு ரத்தினக் கடைக்குப் போனது, முக்கால் மணி நேரம் அங்கே நின்றோம், திரும்ப ஏறினோம், திரும்பக் கூப்பிட்டார், பதினொன்று, அப்போது நான் யாரோடும் பேசிக்கொண்டிருக்கவில்லை. இருக்கோம் என்றேன். என் பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. அதை நான் பார்த்தேன். கோபித்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன், இல்லை, நினைத்தேன் என்பதே இப்போது செய்து சேர்ப்பது, அப்போது நான் எதையும் நினைக்கவில்லை, எனக்கு நிம்மதியாக இருந்தது, அவ்வளவுதான். என் பையை எடுத்து அந்தச் சீட்டில் வைத்தேன். காலை நீட்டிக்கொண்டேன். திரும்பிப் பார்க்க ஒரு நொடிதான் ஆகும், பின்னால் அவர் இருந்தால் கண் சந்திக்க வேண்டி வருமே என்று திரும்பவில்லை. குருபாதம் அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும். அண்ணே என்கிறேன். என்ன பாப்பா. எவ்வளவு தூரம் இருக்குண்ணே. லெக்கிடம் கேட்டு, ஏழு நிமிஷம் என்கிறார்.

கோயில் வெயிலில் எரிகிறது. சீனப் பீங்கான் துண்டுகள் பதித்த கோபுரங்கள், காலையில் அழகென்று வாய் பிளந்தவை, இப்போது ஒவ்வொன்றும் ஒரு ஆளை ஒளித்து வைக்கும் மறைவு. லெக் ஒரு பக்கம், குருபாதம் அண்ணன் ஒரு பக்கம், நான் புத்தரின் பாதத்துக்கு ஓடுகிறேன், அங்கே யாரோ ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தால் என்னவென்று கூப்பிடுவது, ஆன்ட்டி என்று கத்துகிறேன், இரண்டு வடநாட்டுப் பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிக்கொள்கிறார்கள். உலகத்தில் எத்தனை ஆன்ட்டிகள். காணிக்கைக்காக வைத்த பித்தளைக் கிண்ணங்களில் காசு விழும் சத்தம் வரிசையாக, தலைக்குள் மழை பெய்வது போல. தூண்களுக்கு நடுவில் மயில்பச்சை தெரிகிறதா என்று தேடுகிறேன், எவ்வளவு பச்சை இந்த ஊரில், கூரை பச்சை, மரம் பச்சை, ஒரு பிக்குவின் குடை பச்சை. பசிக்கிறது, பசிக்கிறதே என்று வெட்கமாக இருக்கிறது. அவர் மகன் துபாயில் இன்றைய படத்துக்காகக் காத்திருப்பான், பாதத்தோடு எடுத்தது என் போனில் இருக்கிறது, நான் அனுப்பவில்லை. அப்போது லெக் போனில் கூப்பிடுகிறார், ஆற்றுப் பக்கம், படகுத்துறை வாசல், சுற்றுலாப் போலீஸ் சாவடி, வா என்கிறார். இருக்கிறாரா என்கிறேன். வா என்கிறார் மறுபடியும். அந்த ஒரு சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஓடிய அந்த இருநூறு அடியை நான் எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது.

அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் ஃபேன். கையில் பாதி குடித்த இளநீர், எதிரே ஒரு தட்டில் ஒரு துண்டு மாம்பழமும் இந்த ஊர் ஒட்டுச்சோறு கொஞ்சமும் மிச்சம், கால்களை ஒன்றோடொன்று சேர்த்து, விருந்துக்குப் போன வீட்டில் உட்காருவது போல உட்கார்ந்திருந்தார். நடுவயதுப் போலீஸ்காரர் ஒருவர் அவருக்குப் போனில் எதையோ காட்டிக்கொண்டிருந்தார், தன் பேத்தியின் படமாக இருக்க வேண்டும், அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். குருபாதம் அண்ணனுக்குப் பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. ஏம்மா, வயசுல பெரியவங்க, கூட்டத்தோட சேர்ந்து வரணும்னு தெரியாதா, உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் உங்க மகனுக்கு என்ன பதில் சொல்றது, இந்தப் பிள்ளை பாவம் உங்களைத் தேடி வெயில்ல அலையுது என்றார். தப்புத்தான் தம்பி, வழி தப்பிப் போச்சு என்றார் அவர். என்னைப் பார்க்கவில்லை. இப்போது சொல்ல வேண்டும். அண்ணே, வழி தப்பலை, நான் துரத்திவிட்டேன், அவ்வளவுதான், இரண்டு விநாடி வேலை. எந்தக் கூட்டத்திலும் யாரையும் ஒரு தவறான வாக்கியத்தோடு போக விட்டதில்லை நான், இடைமறித்துத் திருத்துவதுதான் என் தொழில், என் கண்ணெதிரே ஒரு தவறான வாக்கியம் என்னைப் பாவம் என்று சொல்லிக்கொண்டு போகிறது, நான் அதைப் போக விட்டேன். பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினேன். சாப்பிட்டாச்சும்மா என்றார். லெக் கையெழுத்துப் போடச் சொல்லிப் போலீஸ்காரரின் நோட்டை என் பக்கம் திருப்பினார். ஒரு பக்கம் முழுக்கத் தாய்லாந்து எழுத்து, வளையம் வளையமாக. நடுவில் கோணலில்லாத தமிழில், பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் மூன்று வரி: அங்கயற்கண்ணி. பிஎச்.டி. படிக்கிற பிள்ளை, மதுரை. ரூம் 11. கூட வந்திருப்பது யார், யாரைக் கூப்பிட வேண்டும் என்று போலீஸ்காரர் கேட்டிருக்கிறார், அவருக்கு ஓட்டல் பெயர் நினைவு வரவில்லை, நினைவு வந்தது இது. என் பெயரைப் பள்ளியில் யாரும் முழுதாக எழுதியதில்லை, கயல் என்று வெட்டிவிடுவார்கள், இவர் ஒரு ஒற்றுக்கூட விடாமல் எழுதியிருந்தார். இவங்க பேரு எங்கே என்று லெக்கிடம் கேட்டேன். லெக் முதல் வரியைத் தொட்டுக் காட்டினார். தாய்லாந்து எழுத்தில் இருந்தது. இவர் வந்ததும் போலீஸ்காரர் முதலில் அதைத்தான் கேட்டு எழுதினாராம், அவர் வழக்கம் அது. போலீஸ்காரர் புன்னகையோடு என்னைப் பார்த்துத் தலையாட்டினார், இந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது போல. படித்துக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கலாம். அவர் எதிரிலேயே அவர் பெயரை இன்னொருவரைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. எனக்குப் படிக்க வராத எழுத்தைப் பார்த்துக்கொண்டே கீழே கையெழுத்துப் போட்டேன்.

டாக்ஸியில் அவரை முன்சீட்டில் உட்கார வைத்தார்கள், நாங்கள் மூவரும் பின்னால். தலைமுடி ஒரு பக்கம் கலைந்திருந்தது, அவர் அதைச் சரிசெய்துகொள்ளவில்லை. சிக்னல், எண்கள், நூற்று நாற்பது, நூற்று முப்பத்தொன்பது. அண்ணே, காலையில நான்தான் அவங்கள என் பின்னாடி வரவேணாம்னு சொன்னேன், பஸ்ஸுல சீட்டு காலியா இருந்ததைப் பார்த்தேன், பார்த்துட்டுத்தான் இருக்கோம்னு சொன்னேன். சொல்லிவிட்டேன். குருபாதம் அண்ணன் என்னை முழுதாகத் திரும்பிப் பார்த்தார். அவர் எதுவும் சொல்வதற்குள் முன்னால் இருந்து குரல் வந்தது. அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, பிள்ளை பயந்துபோயிருக்கு. அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார், குருபாதம் அண்ணனும் அதையே எடுத்துக்கொண்டு, ஆமா, யாருக்குத்தான் பயமிருக்காது என்று சாய்ந்துகொண்டார். என்னுடைய ஒரே நேர்மையான வாக்கியத்தை இரண்டு பேரும் சேர்ந்து ஒரு குழந்தையின் அழுகை போலத் துடைத்து வைத்துவிட்டார்கள். வாதாட வேண்டும், இல்லை, நான் பயப்படவில்லை, நான் செய்தேன், நம்புங்கள் என்று வாதாட வேண்டும், அதற்கும் அவர் விடவில்லை. தம்பி, எனக்கு வேற ரூமு ஒண்ணு பார்த்துக் குடுங்களேன், பிள்ளை படிக்கிற பிள்ளை, நான் நாலரைக்கே எந்திரிச்சுச் சத்தம் போடுறேன் என்றார். காரணம் அத்தனை நல்ல காரணம், யாரும் மறுக்க முடியாது. பார்த்துருவோம்மா என்றார் குருபாதம் அண்ணன். என் மடியில் அவருடைய பை இன்னும் இருந்தது. அதைக் கொடுக்க முன்னால் நீட்டினேன், அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நன்றிம்மா என்றார், கடைக்காரரிடம் சொல்வது போல. எனக்கு இனி நேரமில்லை என்று தோன்றியது, ஓட்டல் வந்துவிடும், வேறு அறை வந்துவிடும், அவர் வேறு ஒரு எண்ணாகிவிடுவார். உங்க பேரு என்னன்னு, என்று ஆரம்பித்தேன், ஆன்ட்டி என்ற சொல் வந்து முட்டியது, அதை விழுங்கினேன், உங்க பேரு என்ன என்று கேட்டேன். டிரைவர் மீட்டரைத் தட்டினார். அவர் முதன்முறையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார், கோபம் இல்லை, குத்தல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் பார்வை.

"இப்ப எதுக்கும்மா?"

கேட்டுவிட்டுத் திரும்பிக்கொள்ளவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார். எழுபது, அறுபத்தொன்பது, என்னிடம் எவ்வளவோ நேரம் இருந்தது.